சரவாங்கியும் வயிறும்: முதலில் மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

மூட்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் வயிற்றுப் புகார் எல்லாம் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். நெஞ்சு எரிந்தால் கேஸ், குமட்டினால் கேஸ், நாலு நாளாக வெளிக்குப் போகாவிட்டாலும் கேஸ். சரவாங்கி, முடக்குவாதம் என்றெல்லாம் நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் அந்த ஒரு சொல்லுக்குள் ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. அவற்றில் பெரும்பாலானவை நோயால் வருவதில்லை, மாத்திரையால் வருகின்றன. மாத்திரை எது என்பதோடு, எப்போது, எதனோடு, எத்தனை என்பதிலும் கோளாறு இருக்கிறது.

ஆகவே வேலையை வயிற்றில் தொடங்க வேண்டாம், பையில் தொடங்குங்கள். வீட்டில் உள்ள மாத்திரை அத்தனையையும் ஒரு முறத்தில் கொட்டிப் பரப்புங்கள். மூட்டு டாக்டர் எழுதியது, பிரஷருக்கு வாங்குவது, பல் வலிக்கு வாங்கி மீந்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எதையும் விடாதீர்கள். அட்டையை வெட்டிக் கொடுப்பது நம் கடைகளின் வழக்கம். ஐந்து மாத்திரைக்கு வெட்டினால் பெயரின் தலை கடையிலேயே தங்கிவிடும், வால் மட்டும் நம் கைக்கு வரும். அந்த வாலை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். 'ஃபெனாக்' என்று முடிந்தால் வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக். 'புரோஃபென்', 'காக்சிப்' என்று முடிவதும் அதே குடும்பம். 'பிரசோல்' என்று முடிந்தால் அமிலத்தைக் குறைப்பது. பிரெட்னிசோலோன், டெஃப்ளசகார்ட், டெக்சாமெத்தசோன் ஆகியவை ஸ்டீராய்டு. வாலும் இல்லாத, இப்போது நீங்கள் சாப்பிடாத மாத்திரையை வீசிவிடுங்கள். அடுத்த முறை உறையின் மேல் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

முறத்தில் தேட வேண்டியது, ஒரே குடும்பத்து மாத்திரை இரண்டு இருக்கிறதா என்பதை. மூட்டுக்கு அசிக்ளோஃபெனாக், பல்லுக்கு இபுபுரோஃபென் என்று இரண்டும் ஒரே வாரத்தில் உள்ளே போனால் வலி இரண்டு மடங்கு குறையாது. புண் வரும் வாய்ப்பு மட்டும் ஏறும். அடுத்து பாராசிட்டமாலைக் கூட்டிப் பாருங்கள். அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் 325 மி.கி. பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காலையும் இரவும் அது, நடுவில் காய்ச்சலுக்கு 650 நாலு வேளை என்றால் 3,250 மி.கி. ஆகிவிடுகிறது. சரவாங்கிக்கு வாரம் ஒரு நாள் தரும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவரின் ஈரலுக்கு அது வேண்டாத சுமை.

சேலத்தில் 'செட்' என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய காயும் வைத்த தட்டுவடை செட்தான் நினைவுக்கு வரும். மருந்துக் கடையிலும் ஒரு செட் உண்டு. "அண்ணா, மூட்டு புடிச்சுக்கிச்சு, ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றால் சின்னக் காகித உறையில் மூன்று நாலு மாத்திரை வரும்: ஒரு வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரை. மறுநாள் காலை விரல் மடங்கும். கைராசியான கடை என்று பெயரும் கிடைத்துவிடும். விரலை மடக்கியது அந்த ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு தனியாகப் போனால் இரைப்பைப் புண்ணுக்கான வாய்ப்பு குறைவுதான், வலி மாத்திரையோடு சேர்ந்தால் பல மடங்கு ஏறும். கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறவர்கள் இந்த உறையை மாதக்கணக்கில் வாங்குவதுண்டு. அப்படிச் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

வலிக்காத புண்

'சாப்பாட்டுக்கு மேல் போட்டால் வயிறு கெடாது' என்பது பாதி உண்மை. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திடமிருந்து காப்பது ஒரு கோழைப் படலம். அது ஊற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் அதே இனத்துப் பொருள்தான். வலி மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடக்குகிறது, அதையும் ரத்தத்தின் வழியாகவே செய்கிறது. அதனால் ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும் இரைப்பையில் புண் வரலாம். சோற்றின் மேல் போட்டால் எரிச்சல் குறையும். புண்ணுக்கு அது காவல் இல்லை. மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ரத்தத்துக்குள் போகும் அளவு மிகக் குறைவு. கை விரல், முழங்கால் என்று ஒன்றிரண்டு இடம் மட்டும் வலித்தால் முதலில் அதை முயல்வது நல்லது.

காரத்தின் மேல் போடும் பழியும் பெரும்பாலும் வீண். நெஞ்செரிச்சல் உள்ளவருக்குக் காரம் எரியும், சரி. அல்சரை உண்டாக்குவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரையும்தான். ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை வேண்டியிருக்கும் என்றால் அந்தக் கிருமி இருக்கிறதா என்று மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ பார்த்துக்கொள்ளலாம். 'பிரசோல்' மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரமும் நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்ப முடியும். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

புண்ணை உண்டாக்கும் மாத்திரையே புண்ணின் வலியையும் மறைத்துவிடுகிறது, தொல்லையே அதுதான். வயிறு வலிக்கவே இல்லை, ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மலம் கறுத்துப் போகிறது என்றுதான் பலருக்குத் தெரிய வரும். எல்லாக் கறுப்பும் ரத்தம் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் பச்சை கலந்த கறுப்பாக, உருவம் குலையாமல் போகும். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்ட மறுநாளும் கறுக்கும். உள்ளே கசிந்த ரத்தம் வேறு மாதிரி: ரோடு போடும் தார் போலப் பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாது. நாற்றமும் வழக்கமான நாற்றமாக இராது. ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். சிவப்பாகப் போனால் பயப்படும் முன் நேற்று மாலை தட்டுவடை செட் சாப்பிட்டோமா என்று நினைத்துப் பாருங்கள். அதில் போடும் பீட்ரூட் மலத்தையும் சிலருக்குச் சிறுநீரையும் சிவப்பாக்கும். ஓரிரு நாளில் மாறாவிட்டால் பீட்ரூட் என்று விட்டுவிடாதீர்கள்.

ஹீமோகுளோபின் குறைந்து இரும்புச் சத்தைப் பரிசோதித்தால், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எண்ணை அப்படியே நம்ப முடியாது. உடம்பில் அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும். சாதாரண ஆளுக்கு 60 நல்ல எண். மூட்டெல்லாம் வீங்கி, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருப்பவருக்கு அதே 60-இல் இரும்புப் பற்றாக்குறை ஒளிந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மூடி வைத்துவிடாதீர்கள்.

காலை காபிக்கு முந்தைய அரை மணி

பேண்டோபிரசோல் 40 போன்றவை வலி மாத்திரையோடு கட்டாயம் வேண்டியவர்கள் இவர்கள்: 65 வயது தாண்டியவர், முன்பு அல்சர் வந்தவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், இதயத்துக்கு ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ சாப்பிடுகிறவர். இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறவர்கள் ஏராளம், பலன் குறையும். சாப்பிட்டவுடன் இரைப்பையின் அமிலப் பம்புகள் விழிக்கும். விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் பிடிக்கும். வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி கழித்து இட்லியோ கஞ்சியோ சாப்பிட வேண்டும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மேல் பூச்சு போனால் அமிலமே மருந்தைத் தின்றுவிடும். முழுப் பலன் தெரிய சில நாள் ஆகும், எரியும்போது மட்டும் போடும் மருந்து இல்லை.

கடையில் கேட்டால் பெரும்பாலும் குமட்டலுக்கான டோம்பெரிடோன் கலந்த கேப்சூலைத்தான் நீட்டுவார்கள். புண்ணைத் தடுக்க டோம்பெரிடோன் தேவையில்லை. நாள்கணக்கில் சாப்பிட்டால் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது. வெறும் பேண்டோபிரசோல் கேளுங்கள். வலி மாத்திரை நின்றால் இதையும் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் ஓடினால் பி12, மெக்னீசியம் குறையலாம். கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும் என்பதால் இவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் மேல்.

எலும்பு தேய்வுக்கு வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் 70 போடுகிறவர்களுக்கு இந்த அரை மணியில் இன்னும் கட்டுப்பாடு உண்டு. எழுந்ததும் முதலில் அது, ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு. பிறகு அரை மணி படுக்கக் கூடாது, குனிந்து கோலம் போடவும் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாக்கும். காபியோடு விழுங்கினால் உறிஞ்சப்படும் அளவு 60 சதவீதம் குறைந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு நாள்

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு முதல் விதி, அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதுவும், இதன் பக்கவிளைவைத் தணிக்கத் தரும் ஃபோலிக் ஆசிடும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாக வருவதுண்டு, மாறிப் போவது சுலபம். உறையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஃபோலிக் ஆசிடை வேறு டப்பாவில் வையுங்கள். அலெண்ட்ரோனேட்டும் வார மாத்திரைதான், அதற்கு வேறு கிழமை. வாய்க்குள் புதிதாகப் புண் வந்தால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

அடுத்தது குமட்டல். பலருக்கு மாத்திரைக்கு மறுநாள் முழுக்க வயிறு புரளும்; சிலருக்கு அந்த மஞ்சளைப் பார்த்தாலே புரளும். மருந்தை விட்டுவிடும் முன் வரிசையாக முயல வேண்டியவை உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுத் தூங்கிவிடுவது. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. மறுநாள் எடுக்கிறோமா என்று சரிபார்ப்பது; போதாவிட்டால் நாள்களைக் கூட்டலாம், டாக்டர் சொல்வார். வார அளவு 15 மி.கி. போல ஏறியிருந்தால் அதே நாளில் காலை பாதி, இரவு பாதி என்று பிரிக்கக் கேட்பது. குடல் ஒரே தடவையில் உறிஞ்சும் அளவுக்கு எல்லை இருப்பதால் மருந்தும் இதில் நன்றாகச் சேரும். அதற்கும் அடங்காவிட்டால் தோலுக்கடியில் போடும் ஊசி. இன்சுலின் போலவே வீட்டில் போட்டுக்கொள்ளலாம், குமட்டல் பலருக்குக் குறையும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறு மாதம் சும்மா இருந்தவரின் விரல்கள் கோணியதைப் பார்த்தால், ஊசிக்கு இவ்வளவு தயங்கியிருக்க வேண்டாமே என்று தோன்றும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு கைவைத்தியம்: மாத்திரையோடு திக்கான காபி. காஃபின் இந்தக் குமட்டலைச் சிலருக்குத் தணிக்கிறது. இரவில் காபி குடித்தால் தூக்கம் வராதவர்கள் மாத்திரை நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் மட்டும் மலைப் பஸ் ஏற வேண்டாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, நல்ல வயிற்றையே புரட்டும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முன் சீட்டு, திறந்த ஜன்னல், கையில் போன் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பது.

வாந்தியோ பேதியோ வந்து உடம்பு வற்றினால் அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். நிறுத்தச் சொல்வதே வழக்கம். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், தண்ணீர் குறைந்தால் உள்ளே தங்கும். பேதிக்கும் நீர்க்கடுப்புக்கும் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா ஆன்டிபயாட்டிக் இதனோடு சேரவே கூடாது. எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் முதல் வாக்கியம் "வாரம் ஒரு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறேன்" என்பதாக இருக்கட்டும்.

சரவாங்கிக்கான மற்ற மருந்துகள்: லெஃப்ளுனமைடு பேதியாக்கும், எடையைக் குறைக்கும், 20-ஐ 10 ஆக்கினால் பெரும்பாலும் அடங்கும். சல்ஃபாசலசின் 500 மி.கி.யில் தொடங்கி வாரம் 500 ஏற்றி 2 கிராமுக்குக் கொண்டுபோனால் குமட்டல் குறையும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மஞ்சள் காமாலை இல்லை. ஹைட்ராக்சிக்ளோரோக்வினைச் சோற்றோடு எடுங்கள், ஜெலூசில் வகை ஆன்டாசிடுக்கும் இதற்கும் நாலு மணி இடைவெளி விடுங்கள்.

வெளிக்குப் போகும் கஷ்டம்

மலச்சிக்கலுக்குக் கீரை சாப்பிடச் சொல்லும் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. சரவாங்கிக்காரருக்குச் சிக்கல் பல சமயம் கக்கூஸில் இருக்கிறது. முழங்கால் மடங்காதவர் தரையோடு பதித்த பீங்கானில் உட்கார்ந்து எழ முடியாமல், முட்டும்போது அடக்குகிறார். அடிக்கடி போகக் கூடாது என்று தண்ணீரையும் குறைக்கிறார். அதன் மேல் இரும்பு, கால்சியம், வலிக்குத் தரும் டிராமடால் மூன்றும் மலத்தை இறுக்கும். பீங்கானின் மேலேயே வைக்கும் கால் உள்ள கமோடு சேர் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். ரப்பர் குமிழ் போட்ட கால்கள் நான்கும் ஆடாமல் நிற்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் பாதத்துக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குறைவான பலகை வைத்தால் குடல் நேராகி முக்காமல் போகும். சுவரில் கைப்பிடியை எழும் பக்கம், வலு உள்ள கைப் பக்கம் பதியுங்கள். விரல் மடங்காதவருக்குப் பிடி தடிமனாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயைச் சுற்றித் துணி கட்டினாலும் போதும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தை வீணாக்காமல் போய் உட்காருங்கள். இசப்கோல் இரண்டு தேக்கரண்டியை முழு டம்ளர் தண்ணீரில் கலக்கியவுடன் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைப்பாகும். உணவு தொண்டையில் நிற்பவர்களுக்கு இசப்கோல் வேண்டாம், லாக்டுலோஸ் போன்ற திரவம் கேளுங்கள். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம், சிலருக்கு வயிறு இளகவும் செய்யும். மருந்துக்கு மாற்று அது இல்லை.

கண்ணும் வாயும் வறண்டு போகும் ஜோக்ரன் கோளாறு சிலருக்குச் சரவாங்கியோடு சேர்ந்து வரும். எச்சில் இல்லாமல் மாத்திரை பாதி வழியில் ஒட்டும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு மாத்திரை, மேலும் அரை டம்ளர். தாடை மூட்டு பிடித்திருந்தால் வறுத்த சோளத்தை விட்டுவிட்டுக் களி, குழைந்த சோறு, ஜவ்வரிசிக் கஞ்சி என்று மாற்றுங்கள். மெல்லாமல் விழுங்குவதே பாதி அஜீரணத்துக்குக் காரணம்.

பேதி

நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு வயிற்றுக் கிருமி சீக்கிரம் ஒட்டும், மெதுவாகத்தான் போகும். தட்டுவடையில் ஆபத்து இல்லை. துருவிய பச்சைக் கேரட், பீட்ரூட், வெங்காயம், கடையில் தண்ணீர் விட்டு நீட்டிய சட்னி ஆகியவைதான் தொல்லை. ஆசையாக இருந்தால் தட்டுவடையை மட்டும் வாங்கி வந்து, காய்களைக் கழுவி வீட்டிலேயே துருவிப் போட்டு உடனே சாப்பிடுங்கள். மலைக் கிராமங்களில் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வையுங்கள். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், ஆனாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமிகள் சாகும்.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு அதிகமாகிப் பேதியைக் கூட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். இல்லை. ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தால் பேதியை அடைக்கும் லோபரமைடு வேண்டாம்.

எஸ்டேட் மண்ணில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர்கள் ஸ்டீராய்டு அளவு ஏறும் முன் இதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாதத் தோல் வழியே புகும் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்ற நுண்புழு குடலில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஸ்டீராய்டு ஏறியதும் உடம்பெங்கும் பரவக்கூடும். சரவாங்கிக்காக, டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளை அடக்கும் ஊசி போடுகிறவருக்கு மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, வயிறு உப்பல் என்றால் குடல் காசநோயைத்தான் முதலில் தேட வேண்டும். நோய் பல ஆண்டு அடங்காமல் இருந்து, விடாத பேதியும் நுரைத்த சிறுநீரும் வந்தால் அமிலாய்டு என்ற புரதம் உறுப்புகளில் படிந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் சிறுநீரில் புரதம் பார்ப்பது சின்னப் பரிசோதனை.

காத்திருக்கக் கூடாத இரவுகள்

தார் மலம், காபித்தூள் போன்ற வாந்தி, பலகை போல இறுகிய வயிறு, எழுந்தால் கண் இருட்டுவது: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கும் டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் என்ற சரவாங்கி மருந்துகளை எடுப்பவருக்கும் குடலில் ஓட்டையே விழுந்தாலும் வலியும் காய்ச்சலும் மட்டாகவே இருக்கலாம். 'லேசான வலி' என்று சொல்லி ஏமாறுவது இங்கேதான். தினமும் ஸ்டீராய்டு எடுப்பவர் வாந்தியால் மாத்திரை தங்காமல் போனால் அன்றே ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரியும்.

நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் இருப்பவர்கள் வளைவுகளுக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து 108-ஐ முன்னதாகவே அழையுங்கள். ரத்தப் போக்குக்கு எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, வேண்டும். அதற்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குத்தான் இறங்க வேண்டும். புறப்பட்டதிலிருந்து எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அந்த முறத்து மாத்திரைகளை அப்படியே பையில் போட்டு, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளோடு கையில் எடுங்கள். அங்கே எண்டோஸ்கோப்பிக்குப் படுக்க வைக்கும் முன் "இவருக்குச் சரவாங்கி, கழுத்தைப் பார்த்துத் திருப்புங்க" என்று உடன் போகிறவர் சொல்ல வேண்டும். நீண்ட நாள் நோயில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிடி தளர்ந்திருக்கலாம், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது முன்பே தெரிய வேண்டும்.